மூன்றாவது பந்து

லிஃப்டில் மாட்டிக்கொண்டவர்களை முப்பத்தோரு வருஷமாக வெளியே எடுத்துவிட்ட மனிதர், நான்கு மாதமாகத் தன் வீட்டுக் கட்டிலை விட்டு வெளியே வர முடியாமல் கிடந்தார். யானைக்கும் அடி சறுக்கும் என்பார்கள். சறுக்கிய யானையை நாலாவது மாடியில் வைத்துக் குளிப்பாட்டுவது எவ்வளவு கஷ்டம் என்று பழமொழி சொன்னவர்கள் யோசிக்கவில்லை.

அந்தக் குடியிருப்பில் எல்லோருக்கும் அவர் லிஃப்ட்காரர்தான். ஒரு நாள் காலையில் பல் தேய்த்துக்கொண்டிருந்தபோது பக்கவாதம் வந்தது. வலது கையும் வலது காலும் விழுந்துவிட்டன. பேச்சு தப்பித்தது, ஆனால் பேசுவதற்கு வேண்டிய காற்று போய்விட்டது. மூன்று வார்த்தை சொன்னால் நிறுத்தி மூச்சு வாங்க வேண்டும். வாய் ஓயாத மனிதருக்கு இதைவிடப் பெரிய தண்டனை கிடையாது. படுத்தபடியே கட்டிடத்து லிஃப்ட் ஏறி இறங்குவதைக் கேட்டுக்கொண்டிருப்பார். இரண்டாவது மாடியைத் தாண்டும்போது அது கிறீச்சென்று கத்தும். "எண்ணெய் போடல" என்று தினமும் சொல்வார். அதைக் கேட்க மனைவியை விட்டால் வேறு ஆள் இல்லை.

அவருடைய தொழிலில் இரண்டு சட்டங்கள் உண்டு, இரண்டுமே அவரே போட்டவை. முதலாவது, எந்தக் கருவியையும் தொடுவதற்கு முன்னால் கதவைத் தட்டிப் பேச வேண்டும். "பயப்படாதீங்க, உள்ள காத்து இருக்கு, மெதுவா மூச்ச விடுங்க." இரண்டாவது, லிஃப்ட் இரண்டு மாடிக்கு நடுவில் நின்று பாதிக் கதவுதான் திறக்கிறது என்றால், தானாக ஏறி வரக்கூடியவரை முதலில் எடுக்க வேண்டும். ஏற முடியாதவருக்காக எல்லோரையும் உள்ளே நிறுத்திவைத்தால் உள்ளே இருக்கிற அத்தனை பேருக்கும் பைத்தியம் பிடிக்கும். இதைச் சொன்னால் புதிதாக வேலைக்குச் சேர்ந்தவர்கள் சண்டைக்கு வருவார்கள். ஒரு மழைக்காலம் வேலை பார்த்தபிறகு வாயை மூடிக்கொள்வார்கள்.

மூச்சுப் பயிற்சி கொடுக்க வந்த பிசியோதெரபிஸ்டுக்கு மனைவி வைத்த பெயர் மூச்சு டீச்சர். முப்பது வயசு இருக்கும், உட்காரவே நேரமில்லாத பெண். நகரம் முழுக்க நோயாளிகள். இவர் முறை பதினைந்து நாளைக்கு ஒரு தடவைதான் வரும்.

"பக்கவாதம் கை காலோட நிக்கிறதில்ல சார். மூச்சு இழுக்கிற தசையும் அசந்து போயிடும்" என்றாள் முதல் நாளே. அவருடைய வலது விலாவில் தன் உள்ளங்கையை வைத்தாள். "என் கையத் தள்ளுங்க. கையால இல்ல, மூச்சால."

அவர் தள்ளினார். அவள் கை அசையவே இல்லை.

வயிற்றில் கை வைத்து, அது மேலே எழும்படி மூக்கால் இழுக்கச் சொன்னாள். சூடான டம்ளரை ஊதுவதுபோல் உதட்டைக் குவித்து மெதுவாக விடச் சொன்னாள். இருமுவதற்குத் தனியாக ஒரு பாடம். "இருமலுக்கு முதல் போடறது உள்ள இழுக்கிற காத்துதான். ஒரே மூச்சுல மேல வரை போக முடியலேன்னா, லிஃப்ட் மாதிரி ஒவ்வொரு மாடியா நின்னு போங்க. கொஞ்சம் இழுத்து நிறுத்துங்க. அதுக்கு மேல கொஞ்சம், அதுக்கும் மேல கொஞ்சம். நிரம்பினதும் தலகாணிய வயித்துல அழுத்தி, முன்னால குனிஞ்சு ஒரே போடு." லிஃப்ட்காரருக்கு இந்தப் பெண்ணைப் பிடித்துப்போயிற்று.

கடைசியில் ஒரு பிளாஸ்டிக் கருவியைக் கொடுத்தாள். பக்கத்துப் பக்கத்தில் மூன்று கூண்டு, கூண்டுக்கு ஒரு நீலப் பந்து. குழாயை வாயில் வைத்து உறிஞ்சினால் பந்து மேலே போகும். மெதுவாக உறிஞ்சினால் ஒன்று, பலமாக உறிஞ்சினால் மூன்றும்.

"மூணாவது பந்து மேல போய் மூணு நொடி நிக்கணும். தொடர்ந்து அஞ்சு நாள் நின்னா, அரை நாள் தனியா விட்டுப் பார்க்கலாம். அது வரைக்கும் வேணாம். தண்ணி புரையேறினா இருமித் தள்ற அளவு காத்து இவர்கிட்ட இல்ல" என்று மனைவியிடம் சொன்னாள். தினமும் எத்தனை பந்து என்று நோட்டில் எழுதிப் படம் எடுத்து அனுப்பச் சொல்லிவிட்டு ஓடினாள்.

மனைவி தையல் கம்பெனியில் துணி வெட்டும் பிரிவில் இருந்தாள். நான்கு மாத விடுப்பு இரண்டு வாரம் கழித்து வரும் திங்கட்கிழமை முடிகிறது. அதற்குள் அவரைத் தனியாக விட முடியாவிட்டால், நோயாளிகளைப் பார்த்துக்கொள்ளும் ஹோம்தான். மச்சான் ஏற்கெனவே ஒரு ஹோமைப் பார்த்துவிட்டு வந்து போனில் படமும் காட்டியிருந்தார். ஒரே அறையில் எட்டுக் கட்டில். ஒரே ஒரு ஜன்னல், அதற்கும் முன்னால் பீரோ.

"எட்டு பேர் கொள்ளளவு" என்றார் லிஃப்ட்காரர். மச்சானுக்குச் சிரிப்பு வந்தது. இவர் சிரிக்கவில்லை. லிஃப்டில் எட்டுப் பேரோடு மாட்டினால் ஒரு மணி நேரத்தில் யாராவது வந்து கதவைத் தட்டுவார்கள். அங்கே யார் தட்டுவார்கள்? அந்தப் படத்தைப் பார்த்ததிலிருந்து அவருக்குத் தூக்கம் பிடிக்கவில்லை.

முதலில் நேர்மையாகத்தான் உறிஞ்சினார். முதல் பந்து துள்ளியது. இரண்டாவது எழுந்து பார்த்துவிட்டு வேண்டாம் என்று உட்கார்ந்துகொண்டது. மூன்றாவது இவரைச் சட்டையே செய்யவில்லை. ஒரு மதியம் களைத்துப்போய்ச் சாய்ந்து படுத்தபடி உறிஞ்சியபோது, கருவியும் கூடவே சாய்ந்தது. மூன்றாவது பந்து சறுக்கிக்கொண்டு மேலே போய்விட்டது.

எடையைச் சரிவில் ஏற்றுவது சுலபம் என்று தெரியாமலா முப்பத்தோரு வருஷம் குப்பை கொட்டினார்? மறுநாளிலிருந்து கருவியை மார்பின்மேல் சாய்த்து வைத்துக்கொண்டார். லிஃப்ட் ஓடுகிற தண்டவாளம் ஒரு நூல் சாய்ந்திருந்தாலும் தூக்குக்குண்டைத் தொங்கவிட்டு ஊரைக் கூட்டுகிற மனிதர், சொந்த நெஞ்சில் சாய்மானம் பிடித்தார்.

"மூணு" என்றார்.

மனைவி கருவியைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள், நோட்டில் மூன்று என்று எழுதினாள். ஐந்து நாளும் எழுதினாள். மூச்சு டீச்சர் போனில் பாராட்டினாள்: "சூப்பர் சார்! வியாழக்கிழமை அரை நாள் விட்டுப் பாருங்க." திருடனுக்குத் தேள் கொட்டியதுபோல் அவர் பல்லைக் கடித்துக்கொண்டு தலையாட்டினார்.

வியாழன் காலை மனைவி, புரையேறாமல் இருக்க மாவு கலந்து கெட்டியாக்கிய தண்ணீரைக் கைக்கெட்டும் இடத்தில் வைத்தாள், போனை இடது கையருகே வைத்தாள், கதவை வெளியே பூட்டினாள். "பதினோரு மணிக்கு போன் பண்றேன். கம்பெனிக்குப் போயி திங்கக்கிழம சேர்றதப் பத்திப் பேசிட்டு ஒரு மணிக்கு வந்துடுவேன்." லிஃப்ட் அவளை ஏற்றிக்கொண்டு இறங்கியது. இரண்டாவது மாடியில் கிறீச்.

ஜெயித்துவிட்டோம் என்றுதான் முதலில் தோன்றியது. மின்விசிறி சுற்றியது. பல்லி ஒன்று டியூப்லைட்டின் பின்னால் போய் வந்தது. பத்து மணிக்கெல்லாம் சந்தோஷம் தீர்ந்துவிட்டது. பூட்டு வெளியே இருக்கிறது என்ற நினைப்பு மட்டும் அறைக்குள் வளர்ந்துகொண்டே போயிற்று.

பதினோரு மணிக்கு அவர் தாடையைத் தாழ்த்தி, சொல்லிக் கொடுத்தபடி ஒரு வாய் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தார். போன் அடித்தது. திடுக்கிட்டுத் திரும்பினார். தண்ணீர் தப்பான வழியில் இறங்கியது.

இருமினார். அதை இருமல் என்று சொன்னால் இருமலுக்கே அவமானம். கோழிக்குஞ்சு தும்மியதுபோல ஒரு சத்தம், அவ்வளவுதான். கை பட்டு, போன் கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவே விழுந்து அங்கிருந்தே அடித்தது. நின்றது. மறுபடி அடித்தது. தொண்டைக்குள் குழகுழவென்று ஏதோ ஏறி இறங்கியது. கண் இருட்டியது. பந்து மூன்றும் மேஜையில் அமைதியாக உட்கார்ந்திருந்தன. செத்துப்போகப் போகிறோம், அதுவும் நாம் அடித்த பொய்யாலேயே, என்று அவருக்குத் தெளிவாகத் தெரிந்தது. பயந்தார். இதுவரை எந்த லிஃப்டுக்குள்ளும் அப்படிப் பயந்ததில்லை.

பிறகு பழக்கம் காப்பாற்றியது. இடது கையால் கட்டில் சட்டத்தைத் தட்டினார், மூன்று தட்டு. பயப்படாதீங்க, உள்ள காத்து இருக்கு. யாருக்குச் சொன்னாரோ, அவர் கேட்டுக்கொண்டார். தலையணையை வயிற்றுக்கு இழுத்தார். மூக்கால் கொஞ்சம் இழுத்து நிறுத்தினார். முதல் மாடி. அதற்கு மேல் கொஞ்சம். இரண்டாவது மாடியில் நெஞ்சு முரண்டு பிடித்தது. இன்னும் ஒரு துளி. குனிந்து அழுத்தினார். ஒன்றும் வரவில்லை. மறுபடி முதல் மாடியிலிருந்து தொடங்கினார். நாலாவது தடவை, சட்டை முழுக்கத் தண்ணீரும் சளியுமாக வெளியே வந்து விழுந்தது.

அப்படியே தலையணைமேல் கவிழ்ந்து அழுதார். போன் அதற்குள் ஓய்ந்திருந்தது.

மனைவி ஒரு மணிக்குத்தான் வந்தாள். சட்டையைப் பார்த்தாள், கட்டிலுக்கடியில் போனைப் பார்த்தாள். பையைக்கூட இறக்கி வைக்காமல் நின்றாள்.

"புரையேறிடுச்சு" என்றார். மூச்சு வாங்கினார். "பந்து பொய்ம்மா… சாய்ச்சு வெச்சேன்… நெசமா ஒண்ணுதான்."

"தெரியும்."

அவர் நிமிர்ந்து பார்த்தார்.

"மொத நாளே தெரியும். இத்தன வருஷம் உங்ககூட குடும்பம் நடத்துறேன், உங்க திருட்டு முழி எனக்குத் தெரியாதா? தெரிஞ்சுதான் எழுதினேன்." பையின் காதைப் பிடித்து முறுக்கினாள். "எனக்கு வெளிய போகணும்போல இருந்துச்சுங்க. ரெண்டு தடவ போன் பண்ணேன், நீங்க எடுக்கல. ஓடி வந்திருக்கணும். தூங்கறாருன்னு நெனச்சுக்கிட்டேன். நெனச்சுக்கிட்டு, அங்க எல்லாரோடயும் உக்காந்து டீ குடிச்சேன். சிரிச்சேன்கூட. நான் மனுஷியே இல்ல."

கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்து முகத்தை மூடிக்கொண்டாள். கோபம் வரும் என்று லிஃப்ட்காரர் காத்திருந்தார். வரவில்லை. நான்கு மாதமாக இந்தப் பெட்டிக்குள் தான் ஒருவர்தான் நிற்கிறோம் என்று நினைத்திருந்த மடத்தனம்தான் அவரைச் சுட்டது. பக்கத்திலேயே ஒருத்தி, இரண்டு காலும் நன்றாக இருந்தும், இவருக்காக உள்ளே நின்றுகொண்டிருந்திருக்கிறாள்.

இடது கையால் கட்டில் சட்டத்தைத் தட்டினார், மூன்று தட்டு. அவள் முகத்திலிருந்து கையை எடுத்தாள்.

"ஏற முடிஞ்ச ஆளு" என்று தொடங்கி நிறுத்தினார். மூக்கால் இழுத்தார், அதற்கு மேல் கொஞ்சம் இழுத்தார். "மொதல்ல நீ வெளிய வா. நான் ஹோமுக்குப் போறேன்."

அவள் வேண்டாம் என்று தலையாட்டினாள். தலையாட்டிக்கொண்டே அழுதாள். அந்த அழுகையில் நிம்மதியும் இருந்தது, அது அவருக்கும் தெரிந்தது. வலிக்கத்தான் செய்தது.

"டூல் பைய எடு" என்றார்.

அவள் தூக்குக்குண்டை எடுத்துவந்தாள். நூலை ஜன்னல் கம்பியில் கட்டித் தொங்கவிட்டு, குண்டு ஆடி நிற்கும்வரை இருவரும் காத்திருந்தார்கள். நூலை ஒட்டி அவள் கருவியை நிமிர்த்திப் பிடித்தாள், ஒரு நூல்கூடச் சாயாமல். அவர் உறிஞ்சினார். ஒரு பந்து எழுந்தது. இரண்டாவது நடுங்கியது.

அவள் நோட்டை எடுத்தாள். ஐந்து மூன்றுகளையும் அடித்துவிட்டு, கீழே ஒன்று என்று எழுதிப் படம் எடுத்து அனுப்பினாள்.

மூச்சு டீச்சர் அன்று சாயங்காலமே வந்து நெஞ்சைச் சோதித்து, இருவரையும் சரமாரியாகத் திட்டினாள். ஹோமுக்கும் வந்து பார்ப்பதாகச் சொல்லிவிட்டுப் போனாள்.

திங்கட்கிழமை காலை மச்சான் சக்கர நாற்காலியைத் தள்ளினார். மடியில் கருவி, அதன்மேல் நூல் சுற்றிய குண்டு. வேலைக்குப் போகும் சேலையில் மனைவி பொத்தானை அழுத்தினாள். நான்கு மாதத்துக்குப் பிறகு லிஃப்டுக்குள் போனார். கதவு மூடியது. இரண்டாவது மாடியில் அது கத்தியது. அவரும் மனைவியும் ஒரே நேரத்தில் நிமிர்ந்து பார்த்தார்கள்.

கீழே கதவு திறந்தது. மச்சான் நாற்காலியைத் தள்ளப் போனார். லிஃப்ட்காரர் கையைத் தூக்கி நிறுத்தினார்.

"அவ போகட்டும்" என்றார்.

அவள் முதலில் இறங்கினாள்.