பாமா வீட்டில் கேட்ட கச்சேரி

பெங்களூர் ஜோகுபாளையத்து அண்ணம்மாதேவி உற்சவத்தில் மூன்று ஆர்கெஸ்ட்ரா தலைவர்கள் சேர்ந்து வாசித்த முதல் பாட்டு மேடையில் கேட்கவில்லை. ஆறு கிலோமீட்டர் தள்ளி, அடுகோடியில் பாமாவின் வீட்டு ஹாலில் கேட்டது. அன்று சனிக்கிழமை, மாலை ஆறரை மணி.

கிட்டாரோடு பாடும் கிஷோர், டிரம்ஸ் ஆம்ப்ரோஸ், கீபோர்டு பழனிச்சாமி மூவருக்கும் தனித்தனியே நல்ல பெயரெடுத்த குழுக்கள் இருந்தன. மூன்றையும் கலைத்துவிட்டு, தலைவர்கள் மட்டுமே உள்ள ஒரு மகா குழுவை அமைத்தார்கள். யோசனை பழனிச்சாமியுடையது. இதை எழுதுகிறவனும் அவன்தான். ஆகவே வாசகர் அதிக அறிவை எதிர்பார்க்க வேண்டாம். பேனரில் யார் தலை பெரிதாக இருப்பது என்ற சண்டை நான்கு மாதம் நடந்தது, ஒத்திகை இரண்டு நாள் நடந்தது. மூன்று குழுக்களுக்கும் பதினோரு வருடம் பேஸ் கிட்டார் வாசித்த பாமாவை ஒருவரும் கூப்பிடவில்லை. எல்லாப் பேனரிலும் அவள் 'மற்றும் குழுவினர்' என்ற வரிக்குள்தான் இருந்தாள். அப்படி ஒருத்தி இருப்பதே மூவருக்கும் மறந்துபோயிருந்தது.

மேடையில் கைகள் ஓடின, வாய் அசைந்தது, சத்தம் மட்டும் வரவில்லை. சவுண்டு சர்வீஸ்காரர் மூன்று முறை ஒயர் மாற்றினார். "ஏன் குரு, ஊமைப் படமா ஓட்டுறீங்க?" என்றார் கூட்டத்தில் ஒருவர். பாட்டு முடிந்ததும் கிஷோருக்குப் பாமாவிடமிருந்து போன் வந்தது. "அண்ணா, உங்க கச்சேரி எங்க ஹால்ல ஓடுது. பக்கத்து வீட்டுக்காரங்க வந்து சத்தத்தைக் கொறைங்கன்றாங்க. நான் எதைத் திருகிக் கொறைக்கிறது? ரெண்டாவது சரணத்துல கீபோர்டு தப்பு வேற."

அடுத்த இரண்டு மேடையிலும் இதே கதி. பழைய ஆட்கள் வேறு குழுக்களில் சேர்ந்துவிட்டதால் திரும்பிப் போகவும் வழியில்லை. அடுத்து ஒப்புக்கொண்டிருந்த பிரேசர் டவுன் கச்சேரியும் ஊமையானால் அதோடு மூவரும் பெட்டியைக் கட்ட வேண்டியதுதான். பயந்துபோய், பாமாவை வாசிக்கக் கூப்பிட அடுகோடிக்கு ஓடினார்கள். பாமா காபி கொடுத்து உட்காரவைத்தபோது பழனிச்சாமிக்கு வெட்கமாக இருந்தது. வெட்கப்பட வேண்டிய கச்சேரிகள் பல வாசித்தும் அதுவரை அவன் வெட்கப்பட்டதில்லை.

"வரேன். ஆனா பேனர்ல என் பேர் போடணும்" என்றாள்.

"எங்கேம்மா போடறது? மூணு தலைக்கே இடம் பத்தல" என்று இழுத்தார் ஆம்ப்ரோஸ்.

"தலைங்களை எடுத்துடுங்க."

எடுத்தார்கள். பிரேசர் டவுனில் அவள் முதல் தந்தியைத் தொட்டதும் சத்தம் மேடைக்கு வந்துவிட்டது. அன்றிலிருந்து பாமா நிற்கிற இடத்தில்தான் பாட்டு கேட்கும். நடுவில் அவள் டீ குடிக்கப் போனால் டீக்கடையில் கேட்கும். ஜனங்களும் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு கூடவே போய்விடுவார்கள். பேனரில் இப்போது ஆள் உயரத்துக்குப் பாமா நிற்கிறாள். கீழே சின்னதாக, 'மற்றும் குழுவினர்'. அதில் முதல் ஆள் தான்தான் என்று பழனிச்சாமி வீட்டில் சொல்லிவைத்திருக்கிறான்.