முக்கால் ஸ்பிட்ஃபயரும் முழு டெஸ்ஸும்

டெஸ் ஹாலரன் தன் ஷெட்டில் கட்டி முடித்த ஸ்பிட்ஃபயர், இரண்டாம் உலகப் போரில் பறந்த அசல் போர் விமானத்தில் முக்கால் அளவு. இறக்கை முக்கால், வால் முக்கால், பைலட் உட்காரும் குழியும் முக்கால். டெஸ் மட்டும் முழு அளவு, அதற்கும் கொஞ்சம் மேலேயே. இதை ஆஸ்திரேலியாவின் அந்தக் குயின்ஸ்லாந்து புல்வெளி விமானத் தளத்தில் அவரிடம் சொல்லாதவர்கள் யாருமில்லை. அவர் காதில்தான் ஏறவில்லை.

சனிக்கிழமை எடை போட்டார்கள். மூன்று சக்கரத்துக்கும் அடியில் மூன்று தராசு. எடை சரியென்று பரிசோதகர் க்வெண்டா கையெழுத்துப் போட்டால் அன்றைக்கே முதல் பறத்தல். கிளப் மொத்தமும் ரொட்டியில் சுருட்டிய சாசேஜைக் கடித்துக்கொண்டு சுற்றி நின்றது. யாருடைய எடை எல்லை தாண்டினாலும் அவர்களுக்கு வேடிக்கைதான்.

"டெஸ், உன்னையும் பெட்ரோலையும் சேர்த்தா எடை எல்லை தாண்டுது" என்றாள் க்வெண்டா.

"எவ்வளவு?"

"ஒரு நல்ல கன்னுக்குட்டி அளவு."

"அப்ப கன்னுக்குட்டிய இறக்கி விடுப்பா!" என்று பின்னாலிருந்து ஒரு குரல்.

க்வெண்டா குழிக்குள் கையை விட்டு, இருக்கையின் முதுகுப்புறத்தைத் தட்டினாள். கோவில் மணி மாதிரி சத்தம் வந்தது.

"என்ன இது?"

"கவசத் தகடு."

"அலுமினியமா?"

"எஃகு" என்றார் டெஸ், பிள்ளை முதல் மார்க் வாங்கிய முகத்தோடு. "பின்னாலேருந்து ஜெர்மன்காரன் மெசர்ஷ்மிட் விமானத்துல வந்து சுட்டாலும் பைலட்டுக்கு ஒண்ணும் ஆகாது."

"இந்தப் பக்கம் மெசர்ஷ்மிட் கடைசியா எப்ப வந்துச்சு?"

"வந்ததே இல்ல. தகடு வேலை செய்யுதுன்னுதானே அர்த்தம்?"

க்வெண்டா தொப்பியைக் கழற்றி மாட்டிக்கொண்டாள். "இதைக் கழட்டு, மறுபடி எடை போடுறேன். அநேகமா நீயே பறக்கலாம்."

"கழட்டினா அது பொம்மை. நான் பொம்மை கட்டல."

கூட்டத்திலிருந்து நொலீன் முன்னால் வந்தாள். டெஸ்ஸின் மனைவி. இந்த விமானத்தின் ஒவ்வொரு ரிவெட் ஆணியையும் டெஸ் வெளியிலிருந்து அடித்தபோது, வாலுக்குள் சுருண்டு படுத்து உள்ளேயிருந்து இரும்புக் கட்டையை முட்டுக் கொடுத்தவள் அவள்தான். அந்த வாலுக்குள் புகக்கூடிய ஆள் வீட்டில் வேறு யாரும் இல்லை. வார இறுதிகளில் இன்ஜின் இல்லாத கிளைடர் விமானங்களை இழுத்துக்கொண்டு மேலே போகிற பைலட்டும் அவள்தான்.

"தகடு அப்படியே இருக்கட்டும். நான் போனா?"

க்வெண்டா கணக்குப் போட்டாள். "போகலாம். ஒரு சூட்கேஸ்கூட எடுத்துக்கலாம்."

எல்லோரும் திடீரென்று தங்கள் சாசேஜை மிகுந்த அக்கறையோடு பார்க்கத் தொடங்கினார்கள். முதல் பறத்தலை டெஸ் வருஷக்கணக்காகப் படுக்கையில் கற்பனையிலேயே பறந்து பழகியிருந்தார் என்பது அவர்களுக்குத் தெரியும். அந்தக் கற்பனையில், அந்தக் காலத்துப் பைலட்டுகள் மாதிரி கழுத்தில் பட்டுத் துணிகூட உண்டு.

"நீயே போ" என்றார் டெஸ். "தகடு இருக்கட்டும்."

"எனக்காகத் தகட்டை விட்டு வைக்கிறியா, தகட்டுக்காக என்னை அனுப்புறியா?"

"ரெண்டுக்கும் நடுவுல."

"சரியான ஆளுய்யா நீ" என்று சொல்லி நொலீன் ஏறி, கண்ணாடிக் கூண்டை மூடினாள்.

டெஸ் அதில் பொருத்தியிருந்த கார் இன்ஜின் அசல் ஸ்பிட்ஃபயர் மாதிரி உறுமப் பார்த்தது. பாதி வெற்றி. விமானம் புல்லில் இரண்டு தடவை துள்ளியது. மூன்றாவது துள்ளலிலிருந்து கீழே வரவில்லை. டெஸ் தன் தொப்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

இத்தனை வருஷமும் அவர் அதை உள்ளேயிருந்துதான் கற்பனை செய்திருந்தார்: முள், குமிழ், கைப்பிடி. கீழேயிருந்து ஒரு தடவைகூட இல்லை. இப்போது யூகலிப்டஸ் மரங்களுக்கு மேலே அது சாய்ந்து திரும்பியது. வளைந்த இறக்கைகள் முழுசாகத் தெரிந்தன. ஒப்பிட்டு முக்கால் என்று சொல்ல அங்கே பக்கத்தில் எதுவுமே இல்லை. வானத்தில் அது ஸ்பிட்ஃபயர், அவ்வளவுதான். தகடு தெரியவில்லை. தகடு தெரியாதது யாருக்கும் குறையாகவும் படவில்லை. டெஸ்ஸுக்கே படவில்லை. அதுதான் அவருக்குச் சங்கடம்.

நொலீன் இறங்கினாள். "இடது இறக்கை லேசா சாயுது. வேற குறையில்ல."

"மேல எப்படி இருந்துச்சு?"

"சொல்ல மாட்டேன். நீயே போய்ப் பாரு."

டெஸ் ஷெட்டுக்குப் போய் ஸ்பேனரோடு வந்து, முக்கால் குழிக்குள் தலையையும் ஒரு தோளையும் நுழைத்தார். மற்ற தோள் வெளியே காத்திருந்தது.

"க்வெண்டா, தராசை எடுத்துடாத" என்றது குழிக்குள்ளிருந்து குரல்.

"தகடு இல்லாம மெசர்ஷ்மிட் வந்தா என்ன பண்ணுவ?" என்றான் பின்னாலிருந்தவன்.

"ஓடிடுவேன்டா. இப்ப வேகம் கூடியிருக்கும்ல!"

முதல் போல்ட் புல்லில் வந்து விழுந்தது.