காத்து வந்துடுச்சு

கிரேன் லாரி பின்வாங்கும்போது போட்ட கீ கீ சத்தம் பாஸ்டரின் ஜெபத்துக்குள் புகுந்துவிட்டது. அவர் இரண்டு தரம் நிறுத்திப் பார்த்தார். அது ஓய்வதாக இல்லை. பிறகு குரலை உயர்த்தி, மேசையில் இருந்த சாப்பாட்டுக்கும் மண்ணுக்குள் போன ஹாலிஸுக்கும் சேர்த்து ஒரே மூச்சில் நன்றி சொல்லி ஆமென் போட்டார். கண்ணை மூடாமல் நின்றிருந்த வெர்னா ஜன்னல் திரையை விலக்கினாள். புருஷனைப் புதைத்துவிட்டு வந்து கறுப்புச் செருப்பைக்கூடக் கழற்றவில்லை, வாசலில் மஞ்சள் கிரேன் நிற்கிறது. அதன் பின்னால் இன்னொரு லாரியில் அட்டைப் பெட்டியோடு புது ஏசி.

"இது என்னடி?"

மகள் ஜனீன் உருளைக்கிழங்குத் தட்டோடு அப்படியே நின்றாள். "கத்தாதம்மா. நான்தான் வரச் சொன்னேன்."

"இன்னிக்கா?"

"ஜூலை மாசம்மா. ஊரே ஏசிக்கு வரிசைல நிக்குது. யாரோ ஒருத்தர் வேண்டாம்னுட்டாங்களாம், அந்த இடம் கிடைச்சுது. இதை விட்டா இனிமே ஆகஸ்ட் கடைசிதான்னு கடைக்காரன் சொல்லிட்டான்."

"வேண்டாம்னவங்களுக்கு வெக்கம் இருந்திருக்கும். அவங்க வீட்ல எழவு விழுந்திருக்கும்."

வெளியிலிருந்து மகன் கர்ட்டிஸ் கழுத்துப்பட்டையைத் தளர்த்திக்கொண்டு உள்ளே வந்தான். கதவு திறந்த நேரத்தில் வெளியே இருந்த வெயில் ஒரு அடி உள்ளே வந்து போனது. "பாஸ்டர், உங்க காரைக் கொஞ்சம் எடுக்கணும். கிரேன் கால் ஊன இடமில்ல" என்றான். பாஸ்டர் கையிலிருந்த பன்றித் தொடைக்கறியைப் பார்த்தார், வாசலைப் பார்த்தார், கடைசியில் சாவியை எடுத்தார்.

அப்போது தலைக்கு மேலே பழைய ஏசி ஒரு உறுமலோடு கிளம்பியது. பாலைவன நகரமான ஃபீனிக்ஸை ஒட்டிய அந்த மேசா ஊர் வீடுகளில் ஏசி என்பது கூரைமேல் உட்கார்ந்திருக்கும் பெரிய தகரப் பெட்டி. அது கிளம்பியதும் கூடவே ஒரு சத்தம் வந்தது. டக், டக், டக். எதுவோ சரியாக மூடாமல் தகரத்தில் தட்டுகிற சத்தம். சாப்பிட வந்தவர்கள் யாரும் அதைக் கவனிக்கவில்லை. வெர்னாவுக்கு அதைத் தவிர வேறெதுவும் காதில் விழவில்லை.

ஆறு நாளாக அவளுக்கு அதுதான் தாலாட்டு. அது ஏன் தட்டுகிறது என்று அவளுக்கு மட்டும்தான் தெரியும். ஆஸ்பத்திரியில் கொடுத்த பிளாஸ்டிக் பையில் ஹாலிஸின் கடிகாரமும் மூக்குக்கண்ணாடியும் இருந்தன. சட்டைப் பையிலிருந்து எடுத்ததாக மூன்று ஸ்க்ரூவும் இருந்தன. ஏசிப் பெட்டியின் பக்கத்து மூடிக்கு மூலைக்கு ஒன்றாக நான்கு ஸ்க்ரூ, அதில் ஒன்றைத்தான் அவன் முடுக்கியிருந்தான். மிச்சம் மூன்றும் இப்போது அவள் கைப்பையில், கைக்குட்டையில் முடிந்து கிடந்தன.

"அவங்களைத் திருப்பி அனுப்பு" என்றாள் வெர்னா.

"அம்மா, யோசிச்சுப் பாரு" என்று கர்ட்டிஸ் ஆரம்பித்தான்.

"நீ பேசாத. யோசிக்கிறதுக்கு உங்களுக்கெல்லாம் மூணு வாரம் இருந்துச்சு. நல்லா யோசிச்சீங்க."

மூன்று வாரம் யோசித்ததுதான் அந்தக் குடும்பம் செய்த வேலை. ஜூன் கடைசியில் ஏசி மூச்சை விட்டது. கர்ட்டிஸ் ஒரு ஆளை அனுப்பினான். ரிப்பேர் போதும் என்றான் அந்த ஆள். "இன்னும் ரெண்டு வருஷத்துல வீட்டை வித்துட்டு எங்ககூட வரப்போறீங்க. வாங்குறவன் ஜில்லுனு இருக்க நாம ஏன் புது ஏசி போடணும்?" என்றான் கர்ட்டிஸ். ஜனீன் இன்னொரு ஆளை அனுப்பினாள். அவன் கூரையில் ஏறாமலே, மொத்தமாக மாற்றணும் என்றான். "அந்தக் கிழட்டுப் பெட்டில போடற ஒவ்வொரு டாலரும் தெண்டம். எவனோ வீட்டை விக்கறதுக்காக அம்மா வேகணுமா?" என்று அவள் தம்பிக்கு போன் போட்டாள். எவனோ என்றது அவனுக்குச் சுருக்கென்று பட்டுவிட்டது. அதோடு பேச்சு ஏசியிலிருந்து நழுவி, பழைய கிறிஸ்துமஸ் சண்டைகள் வரை போய் வந்தது. கடைசியில் மூன்றாவது ஆள் ஒருவனைக் கூப்பிட்டு அவன் சொல்வதைக் கேட்பது என்று முடிவானது. அந்த மூன்றாவது ஆள் வரவே இல்லை.

ஹாலிஸ் இரண்டு பேருக்கும் ஆமாம் போட்டான். அவனை நினைத்தால்தான் வெர்னாவுக்கு அதிகம் பற்றிக்கொண்டு வந்தது. பள்ளிக்கூட பஸ்களுக்கு முப்பது வருஷம் ரிப்பேர் பார்த்தவன். எதையும் கழித்துப் போட மாட்டான். 'இந்த ஒரு கோடை ஓட்டிடலாம்' என்பது அவன் வாயில் எப்போதும் இருக்கும். கார், துவைக்கும் இயந்திரம், தன் முழங்கால் என்று எல்லாவற்றுக்கும் அதே பேச்சுதான். படுக்கையறை ஜன்னலில் ஒரு சின்ன ஏசியைச் சொருகி, அதன்முன் இரண்டு பேரும் மூன்று வாரம் குந்திக்கொண்டிருந்தார்கள். கூடத்தில் கால் வைத்தால் சுடும்.

போன வாரம் அந்தச் செவ்வாய்க்கிழமை காலையில் சின்ன ஏசியும் நின்றது. வெர்னா அவனைப் பார்த்துக் கத்தினாள். "இன்னிக்குள்ள அது ஓடலேன்னா நான் ஃப்ளாக்ஸ்டாஃபுக்கு என் தங்கச்சி வீட்டுக்குப் போறேன். நீ அந்தப் பெட்டியோடயே குடித்தனம் பண்ணு." அவன் தொப்பியை எடுத்துக்கொண்டு போய், ஏசி மோட்டாரைக் கிளப்பிவிடும் கெப்பாசிட்டர் ஒன்று வாங்கி வந்தான். ஏணியைச் சாத்தினான். அந்த ஊரில் ஜூலையில் கூரைக்கு ஏறுகிறவன் விடியற்காலையில் ஏறுவான். வெயில் வருவதற்குள் இறங்கிவிடுவான். அது ஹாலிஸுக்குத் தெரியாததா? பக்கத்து வீட்டுக்காரன் ஒரு தரம் பத்து மணிக்கு ஏறியபோது, கீழே இருந்து கெட்ட வார்த்தை சொல்லி இறக்கியவனே அவன்தான். அன்றைக்கு அவன் ஏறியது நடுப்பகலில்.

"மேடம்?" வாசலில் தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு ஒருவன் நின்றான். புது ஏசி கொண்டுவந்த குழுவின் தலைவன் ரமோன். உள்ளே கறுப்பு உடைகளைப் பார்த்ததும் அவன் முகம் மாறிவிட்டது. "மன்னிச்சுக்குங்க, எங்களுக்குத் தெரியாது. ஆனா யாராவது ஒருத்தர் சரின்னோ வேண்டாம்னோ சொல்லிட்டா நல்லது. கிரேன்காரர் முணுமுணுக்கறாரு."

"வேண்டாம்" என்றாள் வெர்னா.

"வேணும்" என்றாள் ஜனீன்.

"அக்கா சொல்றதுதான் சரிம்மா" என்றான் கர்ட்டிஸ். "இதை இனிமே உன் தலைக்கு மேல வச்சுக்கிட்டு நீ இருக்கக் கூடாது."

வெர்னா சிரித்தாள். அந்தச் சிரிப்பைக் கேட்டு சமையலறைப் பெண்கள் திரும்பிப் பார்த்தார்கள். "அக்கா சொல்றதுதான் சரியா! இதைப் போன வாரம் சொல்றதுக்கு உனக்கு என்னடா வலிச்சுது? இப்ப ஒத்துமை வந்துடுச்சு உங்களுக்கு. அப்பன் போய்ச் சேர்ந்தாத்தான் பிள்ளைங்களுக்குள்ள ஒத்துமை வரும்னு தெரிஞ்சிருந்தா, அவன் முன்னாடியே கூரைல ஏறியிருப்பான்."

கர்ட்டிஸ் கழுத்துப்பட்டை நுனியால் கண்ணைத் துடைத்தான். அவள் பார்த்தாள். பார்த்தும் இரக்கம் வரவில்லை.

இந்த நேரம் பார்த்து, சர்ச்சில் பியானோ வாசிக்கும் ஓபல் நடுவில் வந்து நின்றாள். நல்ல மனசுக்காரி. வாய் மட்டும் அவள் பேச்சைக் கேட்காது. சீஸும் கார்ன்ஃப்ளேக்ஸும் போட்ட உருளைக்கிழங்கை, அந்த ஊரில் எந்தச் சாவுக்கும் முதலில் அடுப்பில் ஏறும் அதே உருளைக்கிழங்கை, ஒரு தட்டில் வைத்து வெர்னாவின் கையில் திணித்தாள். தலையைத் தூக்கி, கூரையில் இருந்து வரும் காற்றுக்கு முகத்தைக் காட்டினாள்.

"ஏன் கண்ணு சண்டை? இந்த ஜில்லுனு வர்ற காத்தைப் பாரு. போறப்பகூட உன் வீட்டைக் குளிர வச்சிட்டுப் போயிருக்கான். கொடுத்து வச்சவ நீ, வெர்னா."

வெர்னா தட்டைக் கீழே வைத்தாள். நடைக்குப் போய், சுவரில் இருந்த தெர்மோஸ்டாட்டின் பொத்தானை அமுக்கினாள். மேலே உறுமல் அடங்கியது. கடைசியாக ஒரு டக் கேட்டது, பிறகு அதுவும் இல்லை. வீடு முழுக்க முள்கரண்டிகள் நின்றுவிட்டன.

"நான் துணி துவைச்சிட்டிருந்தேன், ஒண்ணும் கேக்கலேன்னு உங்க எல்லார்கிட்டயும் சொன்னேன்ல? பொய்" என்றாள் வெர்னா. "நான் இங்க நின்னிட்டிருந்தேன். இதே இடத்துல. மேல அவன் தட்டறதும் முடுக்கறதும் கேட்டுட்டுத்தான் இருந்தேன். திடீர்னு காத்து வந்துச்சு. ஜில்லுனு. எனக்கு அவன்மேல இருந்த கோவமெல்லாம் போயிடுச்சு. கெழவன் சாதிச்சுட்டான்னு நெனச்சேன். ஜன்னலை மூடிட்டு சோஃபால போய்ப் படுத்தேன். மூணு வாரம் கழிச்சு அன்னிக்குத்தான் நல்லாத் தூங்கினேன்."

"அம்மா" என்றாள் ஜனீன்.

"எழுந்தப்ப எனக்குக் குளிருது. போர்வையைத் தேடினேன்டி. அவன் தலைக்கு மேல அந்தக் கொதிக்கிற கூரைல கெடக்கறான், நான் கீழ போர்வையைத் தேடறேன். சாயங்காலம் குப்பைக்கூடையை எடுத்து வைக்கப் போனப்பதான் ஏணி சாத்தினபடியே இருக்கறதைப் பார்த்தேன்." ஓபல் பக்கம் திரும்பினாள். "கொடுத்து வச்சவதான் நான்."

ஓபல் அழ ஆரம்பித்தாள். யாரும் அவளைத் தேற்றவில்லை.

"அதை இறக்குங்க" என்று வெர்னா ரமோனிடம் சொன்னாள். "வேகமா வேண்டாம். பதனமா இறக்குங்க."

காற்று நின்ற வீடு சீக்கிரம் சூடேறியது. அடக்கத்துக்கு அச்சடித்த ஜெபத்தாளை விசிறியாக்கினார்கள், கோட்டைக் கழற்றினார்கள், பிறகு ஒவ்வொருவராக அவள் கையைப் பிடித்துவிட்டு நழுவினார்கள். கொண்டுவந்த சாப்பாட்டுப் பாத்திரங்களின் அடியில் ஒட்டியிருந்த பெயர்களைப் பார்த்து, அவரவர் பாத்திரத்தை எடுத்துக்கொள்ளக்கூட யாருக்கும் தோன்றவில்லை. ஜனீன் ஹோட்டலில் அறை போடலாம் என்றாள். கர்ட்டிஸ் காரில் ஏசி போட்டு உட்காரலாம் என்றான்.

"உட்காருங்க" என்றாள் வெர்னா. "ரெண்டு பேரும் இங்கயே உட்காருங்க."

உட்கார்ந்தார்கள். அவர்கள் முதுகில் சட்டை ஒட்டியது. கூரையில் காலடிகள் நடந்தன, இரும்பு இழுபட்டது. கிரேனின் கை பழைய பெட்டியைத் தூக்கியபோது, அதன் நிழல் ஜன்னலைக் கடந்து கூடத்துத் தரைக்குமேல் மெதுவாகப் போனது. கர்ட்டிஸ் முகத்தை இரண்டு கையாலும் மூடிக்கொண்டான். ஜனீன் எழுந்து போய் அவன் பக்கத்தில் உட்கார்ந்தாள். வெர்னா அவர்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள். இரண்டு பேருக்கும் ஹாலிஸின் காதுதான், அகலமாக, வெளியே நீட்டிக்கொண்டு. அதைப் பார்க்கவும் அவளுக்குக் கோபமாகத்தான் வந்தது.

வெயில் சாயும் நேரத்தில் கிரேன் போய்விட்டது. மேலே புதுப் பெட்டிக்கு ஒயர் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். பழையது வாசல் சிமெண்டில், லாரியில் ஏற்றக் காத்துக்கொண்டு கிடந்தது. தரையில் பார்க்க அது அவ்வளவு சின்னதாக இருந்தது. ஒரு பக்கத்து மூடி ஒற்றை ஸ்க்ரூவில் தொங்கியது.

வெர்னா வண்டிக் கொட்டகைக்குள் போய் ஹாலிஸின் ஸ்க்ரூடிரைவரை எடுத்தாள். புது ஏசி வந்த அட்டைப் பெட்டியில் ஒரு துண்டைக் கிழித்து சிமெண்டில் போட்டு, அதன்மேல் மண்டியிட்டாள். அப்படியும் சூடு முட்டியைச் சுட்டது. கைக்குட்டை முடிச்சை அவிழ்த்தாள்.

ரமோன் ஏணியில் பாதி இறங்கிவந்து பார்த்தான். "மேடம், அது நேரா பழைய இரும்புக்குத்தான் போகுது. மூட வேண்டியதில்ல."

"தெரியும்."

கர்ட்டிஸ் ஓடி வந்தான். "குடும்மா, நான் போடறேன்."

"தொடாத."

முதல் ஸ்க்ரூ சட்டென்று ஏறியது. இரண்டாவதற்கு மூடியைத் தோளால் அழுத்திப் பிடிக்க வேண்டியிருந்தது. ஹாலிஸ் எப்படி அதை ஒற்றை ஆளாகப் பிடித்திருப்பான் என்று நினைத்தாள். நாசமாய்ப் போனவனே, என்னைக் கூப்பிட்டிருக்கக் கூடாதா என்று சத்தமாகவே கேட்டாள். கர்ட்டிஸ் இரண்டு அடி தள்ளி நின்று கொண்டான்.

மூன்றாவதை வைத்துத் திருகினாள். அது சுற்றியது, பிடிக்கவில்லை. எத்தனையோ கோடைகள் கழற்றி மாட்டி அந்த ஓட்டையில் ஸ்க்ரூவைப் பிடிக்கும் மரையே இல்லாமல் போயிருந்தது.

கூரைமேல் புது ஏசி கிளம்பியது. சத்தமே இல்லை. கதவைத் திறந்துகொண்டு ஜனீன் எட்டிப் பார்த்தாள். அழுது வீங்கிய முகம், வேர்வையில் ஒட்டிய முடி.

"அம்மா, காத்து வந்துடுச்சு. உள்ள வா."

வெர்னா திரும்பவில்லை. மூடியைத் தோளால் அழுத்திப் பிடித்துக்கொண்டு, அந்த ஸ்க்ரூவைத் திருகிக்கொண்டே இருந்தாள்.