விடை தெரியாத கேள்வி

அவர் கோர்ட்டில் வாயைத் திறந்தால் பக்கத்துத் தெருவில் பால் திரிந்துபோகும். ‘இடி வக்கீல்’ என்றே பெயர். அந்தக் குரலில் மயங்கிய ஒரு பழச்சாறு கம்பெனி, அவரைத் தன் சட்ட அதிகாரியாக வைத்துக்கொண்டது. வந்த வேகத்தில் லேபிள்காரரையும் லாரிக்காரரையும் வாதத்தில் சுருட்டிப் போட்டார். ஜெயித்தது அவர், அதற்குப் பிறகு லேபிளும் வரவில்லை, லாரியும் வரவில்லை. வேறு ஆள் பிடிப்பதற்குள் மேலாளருக்கு நாக்குத் தள்ளிவிட்டது.

இப்போது பாட்டில் மூடி. கம்பெனி பாட்டிலின் அளவுக்கு மூடி செய்ய ஊரிலேயே ஓர் அம்மாள்தான். மூடி தாமதமானால் அபராதம் என்று இவர் ஒப்பந்தத்தில் எழுதியதும், ஒப்பந்தமே வேண்டாம் என்று எழுந்து போய்விட்டார்.

“நாளைக்குக் கடைசிப் பேச்சு சார்,” என்றார் மேலாளர். “அவங்களும் போயிட்டா, சாறை உள்ளங்கையிலதான் ஊத்தி விக்கணும். நீங்களும் கறுப்புக் கோட்டைத் தூசி தட்டிக்குங்க.”

வீட்டில் மனைவி சிரித்தாள். “ஏங்க, எங்கிட்ட தினம் தோக்கறீங்கல்ல? அங்கேயும் அப்படியே தோத்துட்டு வாங்களேன்.”

“எப்படித் தோக்கறேன்னு எனக்கே தெரியாதேடி!”

“ஏன் கோவமா இருக்கேன்னு கேப்பீங்க. அவ்வளவுதான்.”

மறுநாள் பேச்சில் பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்தார். ஜெயிப்பதில்லை என்று முடிவு!

“மூடி லேட்டாத்தான் வந்துச்சு, யாரு இல்லேன்னா?” என்றார் மூடிக்கார அம்மாள்.

ஆகா, வாக்குமூலம்! நாக்கு துள்ளியது. மூன்று பிஸ்கட்டை ஒன்றாக வாயில் அடைத்து அடக்கினார். விடை தெரியாத கேள்வியைச் சாட்சியிடம் கேட்பது அவர் தொழிலில் மகாபாவம். அதற்காகவே ஜூனியர்களை ஓட ஓட விரட்டியவர். பிஸ்கட்டை விழுங்கிவிட்டு, அந்தப் பாவத்தைச் செய்தார்.

“ஏம்மா... ஏன் லேட்டாகுது?”

“உங்க கேட்டுலதாங்க! மதியத்துக்கு மேல போனா, இறக்க ஆளில்லேன்னு உங்க ஸ்டோர்ல நிறுத்திடறாங்க. வண்டி விடிய விடிய வெளியில நிக்குது. அடுத்த நாள் தேதி போட்டு வாங்கிக்கறாங்க.”

மேலாளர் கூரையில் பல்லி தேடினார்.

“கனம் நீதிபதி அவர்...” மிச்சத்தைத் தேநீரோடு விழுங்கிவிட்டு இடி வக்கீல் எழுந்தார். “வாங்க, ஸ்டோருக்கு.”

ஸ்டோர்காரர் சாவகாசமாகச் சொன்னார்: “சாயங்காலம் ஆள் கிடையாதுங்க.”

“இனிமே உண்டு!”

அட்டைப்பெட்டிகள் தாமாக இரண்டடி நகர்ந்து வழிவிட்டன. அதே மூச்சில் மேலாளர் பக்கம் திரும்பினார். “சாயங்கால ஷிப்டுக்கு ஆள் போடுங்க. வண்டி கேட்டுக்கு வந்த நேரம்தான் கணக்குன்னு ஒப்பந்தத்துல எழுதிடறேன்.”

மேலாளர் தலையாட்டினார், அந்தக் குரலுக்கு முன்னால் ஆட்டாமல் இருக்க முடியுமா?

“அப்ப அபராதமும் இருந்துட்டுப் போகட்டும்,” என்று அம்மாள் கையெழுத்துப் போட்டார். “நான் எங்க லேட்டா வரப்போறேன்!”

“தோத்தாச்சா?” என்றாள் மனைவி வாசலிலேயே.

“சுத்தமா!”

செருப்பைக்கூடக் கழற்றாமல் லேபிள்காரருக்குப் போன் போட்டார்.

“ஐயா, நான்தான்... வெச்சிடாதீங்க, வெச்சிடாதீங்க! ஒரே ஒரு கேள்வி...”