அண்ணன் திறந்த கதவு

அழைப்பிதழில் என் பெயரைத் தங்க நிறத்தில் அச்சடித்திருந்தார்கள். ‘முதல் பிரதி பெறுபவர்: நாவலாசிரியரின் அன்புத் தங்கை ரேவதி.’ அன்புத் தங்கையாம்! நாவலைப் படித்து முடித்த கையோடு அந்த வரியைப் பார்த்ததும் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

நாவலின் பெயர் ‘அறக்கரை’. எழுதியவர் என் அண்ணன் ரகுநாதன். ஆவடியில் பாதுகாப்புத் துறைத் தொழிற்சாலை ஒன்றில் அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்று, சென்னீர்குப்பத்தில் ஃபிளாட் வாங்கிக் குடியேறியவர். அவர் கையால் எழுதித் தள்ளியதையெல்லாம் டைப் செய்து கொடுத்தது என் மகள் ஸ்வாதி. கல்லூரி விடுமுறை முழுக்க அவளுக்கு அதே வேலை. மாமா என்றால் அவளுக்கு உயிர். அச்சாகி வந்த புத்தகத்தை விழாவுக்கு முன்பே எனக்குக் கொண்டுவந்து கொடுத்தவளும் அவள்தான்.

“படிச்சுப் பாரும்மா. நம்ம கதைதான். மாமா உன்ன எவ்ளோ பெரிய மனசோட மன்னிச்சிருக்காரு தெரியுமா?”

மன்னித்தாராம். எதற்கு?

கதை இதுதான். மைதிலி என்று ஒருத்தி. கணவனின் அடி தாங்காமல் ஆறு வயதுப் பெண் குழந்தையோடு ஓடிவந்து அண்ணன் வீட்டுக் கதவைத் தட்டுகிறாள். கதவுக்குப் பின்னால் நின்று அண்ணன் நாற்பது பக்கம் யோசிக்கிறார். குடும்ப மானமா, கருணையா? ஊர் ஒழுங்கா, தனி மனித அறமா? கடைசியில் கண்ணீரோடு கதவைத் திறந்து, வீட்டை விட்டு வந்த தங்கையை மன்னித்து, உள்ளே அழைத்துச் சோறு போடுகிறார். அந்தப் பெருந்தன்மையைப் பார்த்து வெட்கப்பட்ட மைதிலி, தானும் கணவனை மன்னித்து அவனிடமே திரும்பிப் போகிறாள். சுபம்.

மைதிலியின் முழங்கையில் இஸ்திரிப் பெட்டி சுட்ட தழும்பு இருக்கிறது. கடைவாய்ப் பல் ஒன்று உடைந்திருக்கிறது. இரண்டும் என்னுடையவை. அண்ணி வசந்தகுமாரியிடம் நான் அந்தக் காலத்தில் அழுது சொன்னவை ஒன்று விடாமல் புத்தகத்தில் வந்திருக்கின்றன. எல்லாம் தெரிந்துதான் இருந்திருக்கிறது மனுஷனுக்கு!

நடந்தது என்ன? பதினாலு வருஷத்துக்கு முன்னால், விளக்கு வைக்கும் நேரத்தில், ஆவடி குவார்ட்டர்ஸில் அண்ணன் வீட்டுக் கதவைத் தட்டினேன். உள்ளே டிவியில் சீரியல் ஓடிக்கொண்டிருந்தது. தட்டியதும் சத்தம் நின்றது. பிறகு விளக்கு அணைந்தது. “அண்ணா, நான்தாண்ணா” என்று எத்தனை முறை கூப்பிட்டிருப்பேன்! கதவு திறக்கவே இல்லை. ஸ்வாதி என் புடவையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். “மாமா ஊர்ல இல்லடா கண்ணு” என்று சொல்லி அவளை இழுத்துக்கொண்டு நடந்தேன். ஊரில் இருந்திருந்தால் மாமா கட்டாயம் திறந்திருப்பார் என்றே அவள் இத்தனை வருஷமும் நம்பிக்கொண்டிருந்தாள்.

முத்தாபுதுப்பேட்டையில், பள்ளியில் என்னோடு படித்த ஜெபாவின் வீடு இருந்தது. கதவைத் திறந்தவள் என்னை ஒரு பார்வை பார்த்தாள். “இன்னாடி, வாசல்லயே நின்னுகினு கீற? உள்ள வா. கொயந்த சாப்ட்டுச்சா?” என்றாள். அதைச் சொல்ல அவள் அரைப் பக்கம்கூட யோசிக்கவில்லை. ஒரு வருஷம் அவள் வீட்டில்தான் இருந்தோம். அம்பத்தூர் எஸ்டேட்டில் தையல் வேலைக்கு என்னைச் சேர்த்துவிட்டதும் அவள்தான். நாவலில் ஜெபா என்று ஒருத்தி இல்லவே இல்லை.

இத்தனை நாள் நான் ஏன் வாயைத் திறக்கவில்லை? பெண்ணுக்குத் தாய்மாமன் வேண்டுமே! நான் நிமிர்ந்து நின்ற பிறகு அண்ணன் தானாக வந்து, “பழசெல்லாம் மனசுல வெச்சுக்காதம்மா” என்றார். ஸ்வாதி பெரியவளானபோது பூந்தமல்லி மண்டபத்தில் மாலை போட்டுச் சீர் செய்தார். மாமன் இல்லாத பெண் என்று என் மகளை யாரும் சொல்லிவிடக் கூடாதென்று பல்லைக் கடித்துக்கொண்டு பக்கத்தில் நின்றேன். அவர் மானத்தை நான் காப்பாற்றிக் கொடுத்தேன். அதை வைத்துத்தான் இப்போது புத்தகம் போட்டிருக்கிறார்.

அதுகூடப் போகட்டும். புத்தகத்தை மூடி வைத்த என்னிடம் ஸ்வாதி மெதுவாகக் கேட்டாள்: “நீயும் அப்பாவ ஒருவாட்டி மன்னிச்சுப் பாத்திருக்கலாமோம்மா?”

நான் பெற்ற பெண், என் முழங்கைக்கு மருந்து தடவிய பெண், அந்தப் பொய்யைப் படித்துவிட்டு என்னைத் தப்பு செய்தவளாகப் பார்க்கிறாள். இப்படியே விட்டால் நாளை அவளுக்கு வாய்க்கிறவன் கை நீட்டினாலும் மைதிலியைப் போலத் திரும்பிப் போய் நிற்பாள். அப்போதே அவளிடம் சொல்லியிருக்கலாம். ஆனால் அச்சடித்த நானூறு பக்கத்துக்கு எதிரே, அடுப்படியில் நின்று அம்மா சொல்வது எடுபடுமா? அது அண்ணன் வாயிலிருந்தே வர வேண்டும் என்று முடிவு செய்தேன்.

ஞாயிற்றுக்கிழமை அண்ணன் ஃபிளாட்டின் பார்ட்டி ஹாலில் விழா. நசரத்பேட்டையிலிருந்து வந்திருந்த முன்னாள் கல்லூரி முதல்வர் நடேசன், “மன்னிப்புதான் நம் பண்பாடு” என்று அரை மணி நேரம் முழங்கினார். ஹால் முழுக்கக் கைதட்டல். ஸ்வாதி வாசலோரம் புத்தக மேஜையில் உட்கார்ந்து தானும் கைதட்டிக்கொண்டிருந்தாள். பிறகு என்னை மேடைக்குக் கூப்பிட்டார்கள். நடேசன் ரிப்பன் கட்டிய புத்தகத்தை நீட்டினார். போட்டோக்காரர், “கொஞ்சம் சிரிங்க மேடம்” என்றார்.

நான் கையை நீட்டவில்லை. மைக்கை வாங்கினேன்.

“ஒண்ணே ஒண்ணு கேட்டுட்டு வாங்கிக்கிறேன். அண்ணா, அன்னைக்கு நீ கதவத் தொறந்தியா?”

வாழ்க்கையில் முதல் முறையாக அவரை நீ என்றேன். அவர் முகத்தில் சிரிப்பு அப்படியே நின்றது.

“ரேவதி, இது நாவல்மா. கற்பனை கலந்துதான் எழுதுவாங்க.”

“என் முழங்கைத் தழும்பு கற்பனையா?”

“அது… இல்ல.”

“உடைஞ்ச பல்லு?”

“அதெல்லாம் நடந்ததுதான். அதுக்கென்ன இப்போ?”

“அப்ப நான் வாங்கின அடியெல்லாம் நிஜம். உன் நல்ல மனசு மட்டும்தான் கற்பனை.”

அண்ணி முதல் வரிசையிலிருந்து எழுந்து, என்ன செய்வதென்று தெரியாமல் மறுபடி உட்கார்ந்தாள். அண்ணன் என் பக்கம் குனிந்து, “நாலு பேர் முன்னாடி என் மானத்த வாங்குறியே” என்று பல்லைக் கடித்தார்.

“மன்னிச்சிடு. உனக்குத்தான் அது நல்லா வருமே.”

மைக்கை வைத்துவிட்டு இறங்கினேன். நடேசன் கையில் புத்தகம் அப்படியே இருந்தது. யார் முகத்தையும் பார்க்காமல் நடந்து, கேட்டைத் தாண்டி பெங்களூர் ஹைவே ஓரம் வந்து நின்றேன். மகள் வருவாளா, மாமாவோடு உள்ளேயே நின்றுவிடுவாளா என்று மட்டும்தான் ஓடிக்கொண்டிருந்தது.

வந்தாள். மூச்சு வாங்க ஓடிவந்து, என் எதிரே நின்றாள். அவ்வளவு கோபமாக அவளை நான் பார்த்ததே இல்லை.

“அன்னைக்கு ஜன்னல் ஸ்க்ரீன் நகந்துச்சும்மா. லைட் ஆஃப் ஆகறதுக்கு முன்னாடி மாமா மொகம் தெரிஞ்சுது. நான் பாத்தேன்.”

அவளைத் தொடப் போனேன். என் கையை விலக்கினாள்.

“நீதான் மாமா ஊர்ல இல்லன்னு சொன்ன. அதனால நான் பாத்ததுதான் பொய்யின்னு நெனச்சுக்கிட்டேன். இத்தன வருஷமா என் கண்ண நானே நம்பல. இனிமே யாரு மானத்துக்காகவும் என்கிட்ட அப்படிச் சொல்லாதம்மா.”