கவர்னரின் சமையற்கட்டு பிரிந்துபோன வரலாறு

எங்கள் மாநிலம் அமெரிக்க ஒன்றியத்தை விட்டுப் பிரிந்த மறுநாள் காலை, கவர்னர் லைசாண்டர் குவார்ல்ஸின் சமையற்கட்டு அவர் வீட்டிலிருந்து இன்னும் மூன்றடி தள்ளி நின்றது. யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அது 1861 ஜனவரி. அந்த மாதம் எல்லாமே எதிலிருந்தாவது பிரிந்துகொண்டிருந்தது. தீக்குப் பயந்து எங்கள் பக்கம் சமையற்கட்டை வீட்டோடு சேர்த்துக் கட்டுவதில்லை. முற்றத்துக்கு அந்தப் புறம், செங்கல் புகைபோக்கியோடு தனியாக நிற்கும். நடுவிலுள்ள பாதையில் தட்டு தூக்கி வருகிறவர்கள் விடாமல் சீட்டியடிக்க வேண்டும் என்பது குவார்ல்ஸ் வீட்டுச் சட்டம். சீட்டியடிக்கிற வாயில் பன்றிக்கறி இருக்க முடியாது. மூன்றடி கூடியதில் சீட்டி ஒரு மூச்சு நீண்டது, அவ்வளவுதான்.

குவார்ல்ஸ் பருத்தித் தரகர் ஒருவரின் மகன், வக்கீலாக இருந்து கவர்னரானவர். வாக்குக் கொடுப்பதில் தாராளமான கை. மலை மாவட்டத்துக்கு ரயில், ஆற்று மாவட்டத்துக்கு வெள்ளத்தடுப்புக் கரை என்று கொடுத்துக்கொண்டே மேலே வந்தார். அவற்றில் ஒன்றுக்கு மட்டும் சாட்சி வானத்தில் இருந்தது. 1857இல் மஞ்சள் காய்ச்சலில் பத்தொன்பது நாள் கிடந்தார். மனைவி அகஸ்டா மலைக்குப் போய்விட்டார். டாக்டர் ஜன்னலுக்கு வெளியே நின்று நாக்கை நீட்டச் சொன்னார். அவரை உயிரோடு எழுப்பியவள் அவருடைய அடிமைச் சமையற்காரி கெசையா. எழுந்து உட்கார்ந்த அன்று பைபிள்மேல் கைவைத்து, அவளுடைய மகள் தாமாரை அந்த முற்றத்தை விட்டு ஒருநாளும் அனுப்புவதில்லை என்று சத்தியம் செய்தார். கெசையாவின் மற்ற இரண்டு பிள்ளைகளும் அவருடைய அப்பா காலத்திலேயே விற்கப்பட்டவர்கள். அதனால் அந்தச் சத்தியத்தை அவள் முழுசாக நம்பினாள். நம்பாமல் அவளால் அடுப்பு மூட்டியிருக்க முடியாது.

பிரிவினைக்கு முன்தினம் கவர்னர் பால்கனியில் நின்று மூன்று மணி நேரம் பேசினார். ஒப்பந்தம் என்பது இரு தரப்பு வாக்கு. ஒரு தரப்பு வாக்கை உடைத்தால் மறு தரப்பு எழுந்து போகலாம், யாரும் தடுக்க முடியாது என்றார். கூட்டம் தொப்பிகளை வீசியது. அவற்றில் பதினொன்று கீழே வரவில்லை. சொந்தக்காரர்கள் மறுவாரம் புதிதாக வாங்கிக்கொண்டார்கள்.

1862 இலையுதிர் காலத்தில், வடக்கோடு போர் நடந்துகொண்டிருந்தபோது, மாநிலத்தில் உப்பு தீர்ந்தது. அகஸ்டாவுக்கு வடக்குக் கப்பல்களின் முற்றுகையை மீறி வந்த பட்டுத்துணி வேண்டியிருந்தது. ஒரு செவ்வாய்க்கிழமை முட்டை வாங்கப் போன தாமார் திரும்பவில்லை. கெசையா மாவுக்கையோடு கவர்னர் அறைக்கு வந்து நின்றாள்.

"எசமான், என் பொண்ணு எங்க?"

"கடற்கரைல உப்பு காய்ச்ச அனுப்பியிருக்கேன். நாட்டுக்காகத்தான். மூணு மாசத்துல வந்துடுவா."

"முற்றத்த விட்டு அனுப்ப மாட்டேன்னு சொன்னீங்களே."

"காய்ச்சல்ல எதையாவது சொல்லியிருப்பேன்."

"காய்ச்சல் விட்ட பிறகுதான் எசமான் சொன்னீங்க. ரெண்டு கிண்ணம் கஞ்சி குடிச்சுட்டு சொன்னீங்க."

மறுநாள் மதிய உணவின் சீட்டி கால் மைலுக்கு அப்பாலிருந்து வந்தது. தட்டு தூக்கி வந்த இருவருக்கும் உதடு மரத்துப்போய், வாத்துக்கறி ஆறிப்போயிருந்தது. கவர்னர் எழுந்து பார்த்தபோது சமையற்கட்டு புகை விட்டபடி வேலியைத் தாண்டிக்கொண்டிருந்தது. நாப்கினோடு ஓடினார்.

"நில்லு! இது என் சமையற்கட்டு!"

கெசையா ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தாள். "வாக்கு உடைஞ்சா எழுந்து போகலாம்னு நீங்கதான எசமான் பேசினீங்க? ஜன்னல் தொறந்துதான் இருந்துச்சு."

"அது மாநிலத்துக்குச் சொன்னது!"

"அடுப்புக்கு இல்லன்னு சொல்லலியே."

அவர் கட்டடத்தைத் துரோகி என்று அறிவித்துப் பிரகடனம் அச்சிட்டார். குதிரைப்படை அனுப்பினார். படைத்தலைவர் வெறுங்கையோடு திரும்பி, "எந்தப் பக்கம் போனாலும் வாசல் அடுத்த பக்கத்துல இருக்கு, ஐயா" என்றார். அவர் மீசையில் ரொட்டித் துணுக்கு இருந்ததைக் கவர்னர் கவனித்தார், கேட்கத் துணியவில்லை. அன்று முதல் அவர் வாயில் எந்தச் சாப்பாடும் ருசிக்கவில்லை. பீச் பழம் காகிதம்போல இருந்தது. எல்லோரும் தன்னை ஏமாற்றிவிட்டதாகச் சொல்ல ஆரம்பித்தார். அதே பால்கனிப் பேச்சைச் சொல்லி இரண்டு மலை மாவட்டங்கள் மாநிலத்தை விட்டுப் பிரிந்தபோது அது அவருக்கு உறுதியாகிவிட்டது.

சமையற்கட்டு கடற்கரை வரை நூற்றுச் சொச்சம் மைல் நடந்தது. கெசையா ஒவ்வொரு உப்புக் கொட்டகையாக நுழைந்து, கொதிக்கும் கொப்பரைகளுக்கு நடுவே பெயர் சொல்லிக் கூப்பிட்டாள். அப்படி ஒரு பெண் அங்கே வரவேயில்லை.

1863 ஏப்ரலில் சமையற்கட்டு திரும்பி வந்து பழைய இடத்திலேயே நின்றது. கவர்னருக்குக் கண்ணீர் வந்துவிட்டது. கழுத்தில் நாப்கினைக் கட்டிக்கொண்டே முற்றத்தில் இறங்கினார்.

"வந்துட்டியா! எனக்குத் தெரியும், வந்துடுவன்னு. பழசெல்லாம் மறந்துடலாம். இன்னைக்கு என்ன சமையல்?"

"உப்புக் கொட்டகைல அவ இல்ல எசமான்."

அவர் தொண்டையைச் செருமினார். முகத்தில் தரகரின் மகன் எட்டிப் பார்த்தான். "நீ மறுபடி இங்கேயே இருந்து சமைச்சா, சொல்றேன்."

"ஒரு வேளைச் சாப்பாடு போடறேன். அதுக்குச் சொல்லுங்க."

"ஒரு மாசம்."

"ஒரு வேளை. அடுப்பு சூடா இருக்கு, சக்கரமில்லாமலே கிளம்பத் தெரியும் அதுக்கு."

ஒரு வேளைக்குப் பேரம் படிந்தது. அவள் கோழி பொரித்தாள், சோள ரொட்டி சுட்டாள். அவர் ஆறு மாதப் பசியோடு, எலும்பை உறிஞ்சி, தட்டை ரொட்டியால் துடைத்து உண்டார். கெசையா நின்றபடி காத்திருந்தாள்.

"சொல்லுங்க."

"வித்துட்டேன். ஒரு வியாபாரி. மேற்கே போறவன்."

"மேற்கே எங்க?"

கவர்னர் நாப்கினை மடித்தார், விரித்தார், மறுபடி மடித்தார். "கேக்கல."

"அவன் பேரு?"

"அதுவும் கேக்கல, கெசையா."

அவள் தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். மரங்களின் உச்சியில் புகை கொஞ்ச நேரம் தெரிந்தது.

போர் முடிந்ததும் வடக்குப் படை அவரை நான்கு மாதம் சிறையில் வைத்து விட்டுவிட்டது. அகஸ்டா தன் அண்ணன் வீட்டோடு போய்ச் சேர்ந்தார். கவர்னர் காலி வீட்டில் உட்கார்ந்து, தன்னைக் கைவிட்டவர்களின் வரலாற்றை எழுதினார். எழுநூறு பக்கத்தில் தாமார் பெயர் இல்லை. கெசையாவுக்கு மட்டும் ஒரு அத்தியாயம். அதற்கு 'நன்றி கெட்டவர்கள்' என்று தலைப்பு. கடைசிவரை அவருக்குப் பசி அடங்கவில்லை. 1874இல் செத்தபோது உடலைத் தூக்க இரண்டு பேர் போதுமாயிருந்தது.

ஆற்றுப்படகுக்காரர்கள், மாடு ஓட்டுகிறவர்கள், அடிமைத்தனத்திலிருந்து விடுதலையாகிப் பிள்ளைகளைத் தேடித் திரிந்தவர்கள் எல்லோருக்கும் அந்தச் சமையற்கட்டு பழக்கம். எதிரே வந்தால் வண்டியை ஓரம் கட்டுவார்கள். தேடிப் போகிறவர்கள் சிலர் அதில் ஏறிக்கொள்வதும் உண்டு. அவரவர் ஊர் வந்ததும் இறங்கிக்கொண்டார்கள். 1869 அக்டோபரில் டெக்சஸில், ஒரு மாவட்டச் சாலையின் நட்டநடுவில், வெளுத்த துணி காய்ந்துகொண்டிருந்த ஒரு குடிசைக்கு எதிரே அது நின்றது. குடிசைக் கதவு திறந்தது. பிறகு அது நகரவேயில்லை. தகரப் பாத்திரம் விற்கும் எங்கள் ஊர்க்காரர் ஒருவர் அடுத்த வருடம் அங்கே சாப்பிட்டார். உள்ளே இரண்டு பெண்கள் சமைத்தார்கள் என்றும், எவ்வளவு உப்புப் போடுவது என்று ஓயாமல் சண்டை போட்டார்கள் என்றும் சொன்னார். மாவட்ட அதிகாரிகள் வந்து அளந்து பார்த்துவிட்டு, சமையற்கட்டைச் சுற்றிப் போகும்படி சாலையை வளைத்துப் போட்டார்கள்.