மாதிரி வகுப்பு

நான்காம் வகுப்பு டீச்சர் அன்று காலை கரும்பலகையில் எதுவும் எழுதவில்லை. சாக்பீஸை விரல்களுக்கிடையில் உருட்டிக்கொண்டு ஜன்னலோரம் நின்றாள். வழக்கமாகப் பிள்ளைகள் உள்ளே வரும்போதே பலகையில் ஒரு கேள்வி காத்திருக்கும். பையைக் கொக்கியில் மாட்ட வேண்டியது, உட்கார வேண்டியது, வாயைத் திறக்காமல் விடையை எழுத வேண்டியது. சத்தம் கூடினால் டீச்சர் இரண்டு முறை கை தட்டுவாள். பதிலுக்கு வகுப்பே மூன்று முறை தட்டிவிட்டு அடங்கிப்போகும். சந்தேகம் என்றால் ஒரு விரல், தண்ணீர் என்றால் இரண்டு. "இதுங்க பிள்ளைங்களா, சாவி குடுத்த பொம்மைங்களா?" என்று பக்கத்து வகுப்பு டீச்சர் ஒருமுறை கேட்டாள். அதில் பாதி கேலி, மீதி வயிற்றெரிச்சல்.

ஒழுங்கான வகுப்பு என்ற இந்தப் பேர் சும்மா வந்துவிடவில்லை. போன வருடம் இந்தக் கூட்டத்திடம் மாட்டிய டீச்சர் பாதியிலேயே வேலையை விட்டு ஓடினாள். அடுத்து வந்தவளுக்குக் கத்திக் கத்தித் தொண்டையே போய்விட்டது. அதன் பிறகுதான் இவள் தலையில் கட்டினார்கள். இவள் கத்தவில்லை. பள்ளி திறந்த முதல் வாரம் முழுக்கப் பாடத்தைத் தொடாமல், வகுப்புக்குள் எப்படி வருவது, நோட்டை எப்படிக் கைமாற்றுவது, அடுத்தவன் பேசும்போது எப்படிக் காத்திருப்பது என்று நாடக ஒத்திகை மாதிரி பழக்கினாள். பெற்றோர்கள் வானத்துக்கும் பூமிக்கும் குதித்தார்கள். அரையாண்டுப் பரீட்சை முடிந்ததும் வாயடைத்துப் போனார்கள். அன்றைக்கு அவளுக்குத் தலைகால் புரியாத பெருமை. இப்போது அந்தப் பெருமையைத்தான் அவள் மனதுக்குள் திட்டித் தீர்த்துக்கொண்டிருந்தாள்.

அவள் கணவனுக்கு வேறு ஊரில் வேலை. நான்கு வயது மகளும் அவனோடுதான் இருக்கிறாள், அவன் அக்காவின் கவனிப்பில். அதே ஊரில் இந்த நிர்வாகத்துக்கு இன்னொரு பள்ளி இருக்கிறது, அங்கே ஓர் இடமும் காலியாக இருக்கிறது. மாற்றல் கேட்டுப் போனபோது தலைமை ஆசிரியை சிரித்துக்கொண்டே சொன்னார்:

"நிர்வாகத்துலேர்ந்து உங்க வகுப்பைப் பாக்க வர்றாங்க டீச்சர். புடிச்சுப்போச்சுன்னா இதை மாதிரி வகுப்புன்னு அறிவிச்சு, அஞ்சாவதுக்கும் ஆறாவதுக்கும் உங்களையே இந்தப் பிள்ளைங்களோட அனுப்புவாங்க. எவ்வளவு பெரிய கௌரவம்!"

"புடிக்கலைன்னா மேடம்?"

"புடிக்காமப் போகுமா? அப்படிப் போச்சுன்னா நீங்க தாராளமாக் கிளம்புங்க, நான் எதுக்குக் குறுக்க நிக்கப்போறேன்?"

அவர் விளையாட்டாகத்தான் சொன்னார். டீச்சர் அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள்.

நேற்று மாலை போனில், "லீவுக்கு அம்மாகிட்ட வர்றியா தங்கம்?" என்று மகளிடம் கேட்டாள். "அத்தையக் கேட்டுட்டுச் சொல்றேன்" என்றது குழந்தை. அந்தக் குரலில் கோபமில்லை, அழுகையில்லை. வாசலில் வந்து நிற்கும் விருந்தாளிக்குப் பதில் சொல்வது போல மரியாதையாகச் சொன்னது. கணவன் போனை வாங்கி, "சின்னப் புள்ள, அதப் போயி மனசுல வெச்சுக்கிட்டு..." என்று இழுத்தான். "நான் ஒண்ணும் வெச்சுக்கல" என்றாள். வைத்துக்கொண்டாள். இரவு முழுக்க வைத்துக்கொண்டிருந்தாள். இன்னும் இரண்டு வருடம் போனால், விடுமுறைக்கு வந்து போகிற ஒரு சொந்தக்காரியாகத்தான் தன்னை அந்தக் குழந்தைக்குத் தெரியும் என்று அவளுக்குப் பயமாக இருந்தது.

ஆகவே இன்று வகுப்பு கெட்டுப்போக வேண்டும். சேட்டை பண்ணுங்கள் என்று பிள்ளைகளிடம் சொல்ல அவளுக்கு வாய் வராது. ஆனால் தான் ஒன்றும் செய்யாமல் நின்றாலே போதும் என்று கணக்குப் போட்டாள். கேள்வி எழுதுவதில்லை, கை தட்டுவதில்லை. மிச்சத்தை வாலு பார்த்துக்கொள்வாள். வாலு, கடைசி பெஞ்சிலிருந்து முதல் பெஞ்சுக்கு இழுத்து வரப்பட்டவள். கொஞ்சம் கண் அசந்தால் பக்கத்துப் பெண்ணின் சடையைப் பெஞ்சுக் காலில் கட்டிவிடுவாள்.

நிர்வாகத்திலிருந்து ஓர் அம்மாளும் ஓர் ஐயாவும் வந்து, தலைமை ஆசிரியையோடு பின்னால் உட்கார்ந்தார்கள். மணி அடித்தது. பிள்ளைகள் வந்தார்கள், பையை மாட்டினார்கள், உட்கார்ந்தார்கள், நிமிர்ந்து பலகையைப் பார்த்தார்கள். ஒன்றுமில்லை. டீச்சரைப் பார்த்தார்கள். அவள் வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள். முதலில் ஒரு கிசுகிசுப்பு கேட்டது, பிறகு ஒரு பென்சில் டப்பா விழுந்தது, யாரோ சிரித்தார்கள். மற்ற நாட்களில் வயிற்றில் புளியைக் கரைக்கும் இரைச்சல் இன்று பாலை வார்த்தது. தலைமை ஆசிரியை கண்ணாலேயே 'என்ன இது?' என்று கேட்டார். அப்போது வாலு எழுந்தாள். 'வாடி என் ராசாத்தி' என்று டீச்சர் மனதுக்குள் சொல்லிக்கொண்டாள்.

வாலு நேராகப் பலகைக்குப் போனாள். ஒரு துண்டு சாக்பீஸை எடுத்து, தன் கைக்கு எட்டிய உயரத்தில், கோணல்மாணலாக எழுதினாள்: 'ஒரு வகுப்பில் எட்டு பெஞ்சு. ஒரு பெஞ்சில் நாலு பேர். மொத்தம் எத்தனை பேர்?' எழுதிவிட்டுத் திரும்பி நின்று இரண்டு முறை கை தட்டினாள்.

வகுப்பு மூன்று முறை தட்டியது. அவ்வளவுதான். அதன் பிறகு பென்சில்கள் மட்டுமே கேட்டன. முடித்தவர்கள் நோட்டைப் பக்கத்தில் இருப்பவரிடம் கொடுத்துத் திருத்தினார்கள். புரியாத ஒருத்தி விரல் தூக்கினாள், முன்னால் இருந்தவன் திரும்பி மெதுவாகச் சொல்லிக்கொடுத்தான்.

"டீச்சர் வாயே திறக்கலையே!" என்றார் அந்த அம்மாள். "எல்லாம் தன்னால நடக்குதே!"

டீச்சர் மேஜையிலிருந்து டஸ்டரை எடுத்தாள். பலகையை அழித்துவிட்டு ஒரு சத்தம் போட்டால் போதும், எல்லாம் கலைந்துவிடும். குனிந்திருந்த அத்தனை தலைகளையும் பார்த்தாள். ஒருவர்கூட நிமிரவில்லை. டஸ்டரை எடுத்த இடத்திலேயே வைத்துவிட்டாள். தன் மீதே அவளுக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது.

வந்தவர்கள் போகும்போது இரண்டு பேருமே அவளைக் கும்பிட்டார்கள். "இனி இந்தப் பிள்ளைங்களை உங்ககிட்டேர்ந்து யாராலயும் பிரிக்க முடியாது டீச்சர்" என்று தலைமை ஆசிரியை அவள் கையைப் பிடித்துக் குலுக்கினார். பிடித்த கையைச் சீக்கிரம் விடவில்லை.

மதிய இடைவேளையில் வாலு ஒரு விரலைத் தூக்கிக்கொண்டே மேஜைக்கு வந்தாள்.

"என்னடி?"

"மிஸ், நீங்க பயந்துட்டீங்கல்ல?" என்றாள் ரகசியக் குரலில். "அவங்க பாத்துட்டு உங்களை வேற எங்கயாவது அனுப்பிடுவாங்களோன்னு எங்களுக்கும் பயமாயிடுச்சு. அதான் நாங்களே பண்ணிட்டோம். அவங்களுக்கு ஒண்ணும் தெரியல மிஸ்."

டீச்சர் மேஜைமேல் கிடந்த டஸ்டரை ஓரமாக நகர்த்தி வைத்தாள்.

"அனுப்பிட மாட்டாங்கல்ல?"

"மாட்டாங்க" என்றாள் டீச்சர்.

மாலை கடைசி மணி அடித்தது. மற்ற வகுப்புகள் படியில் தடதடவென்று இறங்கி, கூச்சலும் கும்மாளமுமாக வெளியே போய்க்கொண்டிருந்தன. நான்காம் வகுப்பு மட்டும் பையைத் தோளில் போட்டுக்கொண்டு, வரிசை வரிசையாக, பெஞ்சுகளுக்குப் பக்கத்தில் நின்றது. டீச்சர் கையை உயர்த்தினால்தான் முதல் வரிசை நகரும். கதவு திறந்தே இருந்தது. யாரும் அதைப் பார்க்கவில்லை. முன்னால் நின்ற வாலு, கிளம்பத் தயாராக ஒரு காலை முன்னே வைத்து, டீச்சரின் வலது கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தக் கை மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டிருந்தது.